மஞ்சள் துணியில் முடிந்த ஒன்பது காசுகள்

அப்பாவைப் பெற்ற ஆயாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு நூல் புடவை, தாத்தாவின் மூக்குக் கண்ணாடி, ரேஷன் கார்டு, தீர்த்தமலையிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் ஒரு சின்ன பாட்டிலில். அடியில் ஒரு சுருக்குப்பை. அதற்குள் மஞ்சள் துணியில் முடிந்த காசு முடிச்சுகள் ஒன்பது இருந்தன.

அம்மா அதைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, எதுவும் தீரலையா?" என்றார்.

வேண்டிக்கொள்ளும்போது ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கிட்ட வைப்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. காரியம் நிறைவேறி, நேர்த்தியும் செலுத்தினால்தான் முடிச்சை அவிழ்ப்பார்கள். அவிழ்க்காத முடிச்சு என்றால் கடன் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். ஒன்பது கடன். யாருக்காக, எந்தச் சாமிக்கு, என்ன செய்வதாக? தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார். அடுத்த சில வாரங்கள் அந்த முடிச்சுகளைப் படித்ததைத்தான் எழுதுகிறேன். இன்னும் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்காரர்கள் எங்களைப்போல முழிக்க வேண்டாம் என்பதும் ஒரு காரணம்.

ஆயா பிறந்தது காவேரிப்பட்டணம் பக்கம், தென்பெண்ணைக் கரையில். வாழ்க்கைப்பட்டது அரூர் பக்கம். ஆதார் அட்டையில் பிறந்த தேதி 1-1-1935. அது யாரோ கேட்டதற்கு யாரோ சொன்னது. அவருடைய சொந்தக் கணக்கு வேறு. "கே.ஆர்.பி. டேம் தொறக்க காமராசர் வந்தப்ப உன் பெரியத்தை மடியில இருந்தா" என்பார். அந்தக் கிருஷ்ணகிரி அணை திறந்தது 1957. கல்யாணமானது பதினாறு பதினேழு வயதில் என்று வைத்துக்கொண்டால், போன மார்கழியில் போகும்போது 86 அல்லது 87 இருக்கும். தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல், ஆயாவுக்கு மட்டும் கடைசிவரை இது சேலம் ஜில்லாதான்.

நாற்பது வயதுக்குள் தாத்தாவை இழந்தவர். மூன்று பெண்கள், இரண்டு பையன்கள். இரண்டு ஏக்கர் மானாவாரி. ராகி, சாமை, கொள்ளு. மழை பொய்த்த வருஷம் அதுவும் இல்லை. தை முதல் பங்குனி வரை புளி தட்டும் வேலை. குத்தகைக்காரர் மூட்டை மூட்டையாகப் புளியை வீட்டில் இறக்கிவிட்டுப் போவார். ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. விரல் இடுக்கெல்லாம் புளி அரித்துப் புண்ணாகும். நான் சின்னவளாக இருந்தபோது ஆயாவின் கையை முகர்ந்தால் எப்போதும் புளி வாசம் வரும்.

இந்தப் புளிக் காசில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். நிலத்தில் வருவது வீட்டுக்கு, புளி தட்டியது சாமிக்கு. பையன்கள் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் அதை மாற்றவில்லை. "நான் வேண்டிக்கிட்டதுக்கு இன்னொருத்தர் காசு எதுக்கு?" என்று அப்பாவிடமே சொல்லியிருக்கிறார். திருப்பதிக்குப் போகும் வருஷம் மட்டும் புரட்டாசிச் சனிக்கிழமையில் நாமம் போட்டுக்கொண்டு, கோவிந்தா சொல்லி ஏழு வீட்டில் மடிப்பிச்சை எடுப்பார். வீட்டில் அரிசி இருக்கும்போது எதற்கு என்று எனக்குச் சின்ன வயதில் கூச்சமாக இருக்கும். பெருமாளிடம் போகும்போது நம்மிடம் இருக்கிறது என்ற நினைப்போடு போகக் கூடாது என்பார். எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் அது உறைத்தது.

அவருடைய பக்தி கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் பக்தி இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அப்பா பைக்கில் விழுந்து கால் முறிந்தபோது காசு முடிந்து வைத்துவிட்டு, "சாமிகிட்ட நான் சொல்லிட்டேன், நீங்க வண்டியப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் ஊருக்கு வந்தபோது முதல் குடத்தைத் துளசி மாடத்தில் ஊற்றினார். அதற்கு முன்பு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். ஃப்ளோரைடு அதிகம். எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கோடு இருப்பது அதனால்தான். "இனிமே பொறக்கற புள்ளைங்க பல்லு வெள்ளையா இருக்கட்டும்" என்று சொல்லித்தான் ஊற்றினார்.

ஆனாலும் அவருடைய விரதத்தால் நாங்கள் ஒருமுறை பயந்து நடுங்கியிருக்கிறோம். சர்க்கரை நோய் வந்து மாத்திரை தொடங்கி இரண்டு வருஷம் இருக்கும். ஒரு கிருத்திகை நாள். காலையில் மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டார். விரதத்தையும் விடவில்லை. சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் உடம்பெல்லாம் நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, கூப்பிட்டால் பதில் வேறு மாதிரி வருகிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சாமி வந்துவிட்டது என்று திருநீறு போட்டார்கள், ஒருவர் கற்பூரம் ஏற்றினார். நானும் கைகூப்பிக்கொண்டுதான் நின்றேன். சித்திதான் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சில்லுனு இருக்குது, இது சாமி இல்ல" என்று சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்து, "ஏன் எல்லாரும் நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் அளவு சட்டென்று இறங்கிவிடும், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று மறுநாள் அரூரில் டாக்டர் விளக்கினார். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான் என்றும் சொன்னார். அப்பா கோபத்தில் இனி விரதமே கூடாது என்றார். அதுதான் தவறு. அதன் பிறகு ஆயா எங்களுக்குத் தெரியாமல் விரதம் இருந்தார், சோற்றைத் தட்டோடு கன்றுக்குட்டிக்கு வைத்துவிடுவார். அடுத்த முறை அவரையும் டாக்டரிடம் அழைத்துப்போய், "மாசத்துல ரெண்டு மூணு நாள் விரதம் இருப்பாங்க, என்ன செய்யலாம்?" என்று நேராகக் கேட்டோம். அந்த நாட்களுக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், பாலும் பழமும் நேரத்துக்கு எடுக்கச் சொன்னார். ஆயா ஒத்துக்கொண்டார். வயதானவர்களின் விரதத்தை மிரட்டி நிறுத்த நினைக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லி வழி கேளுங்கள். மாத்திரையை மாற்றுவது மட்டும் நம் கையில் இல்லை, அது அவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

கடைசி எட்டு மாதம் படுக்கை. வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இதயம் பலவீனமாக இருந்ததால் அறுவை வேண்டாம் என்று முடிவானது. அம்மாவும் சித்தியும் முறைபோட்டுப் பார்த்துக்கொண்டார்கள், நான் சனி ஞாயிறு கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறுவேன். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும். முதல் மாதம் இரவில் பாவம் தூங்கட்டும் என்று விட்டோம், முதுகுத்தண்டின் அடியில் புண் வந்துவிட்டது. அது ஆற இரண்டு மாதம். குதிகாலையும் தினமும் பார்க்க வேண்டும், அங்கேயும் வரும். ஊட்டும்போது தலைப்பக்கம் நன்றாக உயர்த்தி, ஊட்டி முடித்தும் அரை மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும். கூழைக்கூடக் கெட்டியாகத்தான் ஊட்டினோம், தண்ணியாக இருந்தால் புரையேறியது.

இதெல்லாம் டாக்டரும் நர்ஸும் சொன்னவை. யாரும் சொல்லாமல் சித்தி செய்த ஒன்று உண்டு. கட்டிலைத் திருப்பிப் போட்டார். அதுவரை ஆயாவின் தலை சாமி அறைப் பக்கம் இருந்தது, அவர் கண்ணுக்குப் பட்டது பீரோவும் சுவரும்தான். திருப்பிப் போட்டதும் படுத்தபடியே விளக்கு தெரிந்தது. அன்று முதல் முனகல் பாதி குறைந்தது. காலையில் அம்மா விளக்கேற்றும்போது ஆயாவின் உதடு அசையும். எங்கள் எல்லோருடைய பெயரையும் வரிசையாகச் சொல்கிறார் என்று பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பேரன் பேத்தி, அவர்கள் பிள்ளைகள், சம்பந்தி வீடு, பக்கத்து வீடு. முப்பது பெயருக்கு மேல். விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து.

அப்போதுதான் போனில் பதிவு செய்யத் தொடங்கினேன். முன்பே செய்திருக்க வேண்டும். "ஆயா, உங்க கதையச் சொல்லுங்க" என்று கேட்டால் எதுவும் வரவில்லை. "என்னத்த சொல்றது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் ஒரு கைப்பிடி புளியை அவர் கையில் கொடுத்தேன். விரல்கள் தானாக நாரை உருவத் தொடங்கின, பேச்சும் வந்தது. 'எப்போது' என்று கேட்பதால் பயனில்லை, 'கூட யார் வந்தாங்க' என்று கேட்டால் எல்லாம் வரும். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு அனுமந்தீர்த்தம் போனது, பெண்ணையாற்றில் முங்கிவிட்டுத்தான் தீர்த்தமலை ஏற வேண்டும் என்ற முறை, ராமர் பூசைக்கு அனுமார் தண்ணீர் கொண்டுவரத் தாமதமானதால் அம்பு விட்டு ராம தீர்த்தம் வந்த கதை, வழியில் ஒரு கிழவி பசிக்குச் சாமைச் சோறு கொடுத்தது. மொத்தம் நாற்பது நிமிஷம்தான் என்னிடம் இருக்கிறது. அந்த நாற்பது நிமிஷத்தில் காசு முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்கவில்லை.

சரி, முடிச்சுகளுக்கு வருகிறேன்.

பதினாறாம் நாளில் உறவுக்காரர்கள் எல்லோரும் இருந்தது நல்லதாகப் போயிற்று. பாயை விரித்து ஒன்பதையும் வைத்து ஒவ்வொன்றாக அவிழ்த்தோம். ஆண்களுக்கு எதுவும் தெரியவில்லை, கிழவிகளுக்குத்தான் தெரிந்தது. காசில் அச்சடித்திருக்கும் வருஷத்தைப் பார் என்று தம்பி சொன்னான். அந்த வருஷத்துக்கு முன்னால் அந்த வேண்டுதல் இருக்க முடியாதே. அது பெரிய உதவியாக இருந்தது. உள்ளே வேறு என்ன இருக்கிறது என்றும் பார்த்தோம். உலர்ந்த வேப்பிலை இருந்தால் அம்மன், திருநீறு இருந்தால் சிவனோ முருகனோ, நாமக்கட்டித் துண்டு இருந்தால் பெருமாள்.

அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து தெரிந்துவிட்டது. ஒன்று அப்பாவின் கால். ஒன்று போர் போட்டபோது தண்ணீர் கிடைக்க. ஒன்று கன்று ஈன முடியாமல் இரண்டு நாள் கிடந்த மாட்டுக்காக. ரூபாய்க் குறியீடு போட்ட புதுக் காசு ஒன்று இருந்தது, 2016. அதை வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை. தண்ணீர்க் குடத்தோடு வந்த பக்கத்து வீட்டு அக்காதான் எட்டிப் பார்த்து அழ ஆரம்பித்தார். அவர் பையனுக்கு டெங்கு காய்ச்சல் வந்தபோது ஆயா முடிந்தது. எங்களுக்குத் தெரியாது.

ஐந்தாவது, காண்டாமிருகம் போட்ட 25 காசு. 2011-லேயே செல்லாமல் போன காசு. வருஷம் 1989. கூடவே காய்ந்த எலுமிச்சை விதை மூன்று.

அம்மாவுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம் குழந்தை இல்லை. பக்கத்து ஊரில் திரௌபதியம்மன் பாரதக் கூத்து நடந்தபோது, அர்ச்சுனன் வேடக்காரர் தவம் செய்ய மரம் ஏறும் அர்ச்சுனன் தபசுக்கு ஆயா அழைத்துப்போயிருக்கிறார். ஈரப் புடவையோடு தபசு மரத்தடியில் மடியேந்தி நின்ற அம்மாவின் முந்தானையில், மேலிருந்து கூத்துக்காரர் போட்ட எலுமிச்சம்பழம் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு நான். இது அம்மா சொல்லி எனக்குத் தெரிந்த கதைதான். எனக்குத் தீர்த்தமலையில் மொட்டை அடித்ததும் தெரியும். "அது தீர்ந்திருச்சே, இது ஏன் அவுக்கல?" என்று அம்மா குழம்பினார்.

பெரியத்தைதான் சொன்னார். "மொட்டை வேற. இது குமாரசாமிப்பேட்டை. பொட்டப்புள்ள பொறந்தா அவளையும் கூட்டிட்டு வந்து தேர் இழுக்கறேன்னு முடிஞ்சது."

தர்மபுரி குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலில் தைப்பூசத் தேரைப் பெண்கள் வடம் பிடித்து இழுப்பது வழக்கம். ஆயா வருஷம் தவறாமல் போவார். நான் பெரியவளானதிலிருந்து ஒவ்வொரு தையிலும் கேட்பார், "இந்த வருசமாவது வர்றியா சாமி?" என்று. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, காலேஜ், வேலை, லீவு இல்லை, குழந்தைக்குச் சளி. ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு காரணம் இருந்தது. "பரவால்ல கண்ணு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்பார். இது வேண்டுதல் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று பெரியத்தையிடம் கேட்டேன். சொல்லிக் கூப்பிட்டால் பயந்துகொண்டு வருவாள், அவளாக வரட்டும் என்று ஆயா சொன்னாராம். அன்று ராத்திரி முழுக்க அழுதேன். இப்போதும் எழுதும்போது கை நிற்கிறது.

அடுத்த சிக்கல், தைப்பூசத்துக்கு இருந்ததே சில வாரங்கள்தான். துக்க வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் மலைக் கோயில் ஏறக் கூடாது, திருவிழாவில் கலக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டு. பங்காளி முறைத் தாத்தா ஒருவரிடம் கேட்டோம். கட்டிக்கொடுத்த பெண்களுக்கு அந்தக் கட்டு இல்லை, அவர்கள் வேறு வீட்டு ஆட்கள், தாராளமாகச் செய்யலாம் என்றார். கட்டிக்கொடுத்ததால் வெளியாள் என்று பலமுறை மனம் வலித்திருக்கிறது. அந்த ஒரு நாள் அதுவே எங்களுக்கு வழியாயிற்று. எந்தச் சாமிக்கு என்று கடைசிவரை தெரியாதவை இருந்தால் ஒரு வருஷம் கழித்துக் குலதெய்வத்திடம் சேர்த்துவிடுங்கள், அது கொண்டுபோய்க் கொடுத்துவிடும் என்றும் அவர் சொன்னார்.

நடுவில் காகித வேலையும் இருந்தது. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதைச் செய்துவிட்டோம். வாரிசுச் சான்றிதழுக்குப் போனபோதுதான் இழுத்தது. ஆதாரில் பெயர் 'அம்மாள்' என்று முடிகிறது, பட்டாவில் 'அம்மா', பாங்கு புத்தகத்தில் தாத்தா பெயரின் முதலெழுத்தே வேறு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்ட இரண்டு மாதம் அலைந்தோம். ஆள் இருக்கும்போது ஒரு கையெழுத்தோடு, ஒரு கைரேகையோடு முடிந்திருக்கும் வேலை. உங்கள் வீட்டுப் பெரியவரின் அட்டைகளை இன்றைக்கே ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

தைப்பூசத்தன்று மூன்று அத்தைகளும் நானும் போனோம். கூட்டத்தில் வடத்தின் பின்பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. வடம் நான் நினைத்ததைவிடத் தடிமன், ஒரு கைக்குள் அடங்கவில்லை. அந்த 25 காசைப் புடவை முந்தானையில் முடிந்திருந்தேன். முதல் இழுப்பில் தேர் அசையவில்லை. இரண்டாவதில் முன்னால் எங்கோ ஒரு சத்தம் கிளம்பி, அது பெண்கள் வாய்வழியாக எங்கள்வரை வந்தது, அப்புறம் காலடியில் தரை நகர்கிற மாதிரி இருந்தது. என் முன்னால் எழுபது வயதுக்கு மேல் ஒரு பாட்டி வெறும் காலோடு இழுத்துக்கொண்டிருந்தார். கையில் புளிக்கறை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு இழுத்தேன்.

உண்டியலில் 25 காசைப் போட்டேன், கூட நான் சம்பாதித்ததில் ஐந்நூறு ரூபாய்.

ஒன்பதில் எட்டு இப்போது தெரிந்துவிட்டது. ஓரம் நெளிநெளியாக இருக்கும் அலுமினியப் பத்துக் காசு ஒன்று மட்டும் பாக்கி. வருஷம் தேய்ந்துபோய்விட்டது. உள்ளே மஞ்சள் தவிர வேறு எதுவும் இல்லை. தாத்தா படுத்திருந்த காலத்தில் முடிந்ததோ என்று சின்னத்தைக்கு ஒரு சந்தேகம். நடக்காத வேண்டுதலை ஏன் இத்தனை வருஷம் வைத்திருந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. அது சாமி அறையிலேயே இருக்கிறது, மார்கழி கழிந்ததும் குலதெய்வத்திடம் போகும்.

தேர் பார்த்துத் திரும்பும்போது அரூர் பஸ்ஸில் பெரியத்தை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மொரப்பூர் தாண்டும்வரை எதுவும் பேசவில்லை. அப்புறம் என் கைப்பையைத் தட்டி, "நோட்டு ஏதாச்சும் வச்சிருக்கியா?" என்றார். பையனுடைய பழைய கணக்கு நோட்டு ஒன்று இருந்தது, எடுத்தேன்.

"என்னோடது நாலு இருக்குது, எழுதிக்க. மொதல்ல மாதேஸ்வரன் மலை. உங்க மாமாவுக்குக் கண் ஆபரேசன் பண்ணாங்கல்ல, அப்ப வேண்டிக்கிட்டது. நடந்தே வர்றேன்னு சொல்லிட்டேன், இந்த முட்டிய வச்சிக்கிட்டு…"

எழுதினேன்.